அத்தியாயம் 6: மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த கற்றைக்குச்சி வாங்கும் முறை

கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலத்துக்குப் போய்ப் பீங்கான் சாமான் வாங்கும் பெரியவர்களைக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ஊறுகாய் ஜாடியின் மெருகையும் நிறத்தையும் எவ்வளவு நேரம் பார்த்து மகிழ்ந்தாலும், காசை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் அதை இடக்கையில் தளர்வாக ஏந்தி, வலக்கை விரல் முட்டியால் விளிம்பின்கீழ் ஒரு தட்டுத் தட்டி, 'கணீர்' என்று நாதம் எழுந்து சற்று நின்றால் மட்டுமே அவர்கள் அதை வாங்குவார்கள். 'டொக்' என்று சப்தம் அடங்கிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கேயோ ஓடியிருக்கிறது என்று அறிந்து மறுபேச்சில்லாமல் கீழே வைத்துவிடுவார்கள். ட்ரம்ஸ் வாசிக்கும் இளைஞர்கள் குச்சி வாங்கும்போதும் இந்தப் பழக்கத்தைக் கைவிடலாகாது என்பதே என் அபிப்பிராயம். அதிலும், பல சிறுகுச்சிகளை ஒன்றாகக் கட்டிச் செய்த கற்றைக்குச்சியில் குறை உள்ளே ஒளிந்திருக்குமாதலால், கண்ணைவிடக் காதும் கையுமே அங்கே நம்பத் தகுந்த சாட்சிகள்.

கடையில் 'ராட்ஸ்' என்று கேட்டால்தான் இதை எடுத்துத் தருவார்கள். முழு மரத்தில் கடைந்த குச்சியின் வேகத்தையும், கம்பித் தூரிகையின் மென்மையையும் ஓரளவுக்கு ஒன்றாகத் தருவது இதன் குணம். மரம் மட்டுமே கொண்டவை, பிளாஸ்டிக் மட்டுமே கொண்டவை, இரண்டும் கலந்தவை என மூன்று வகையாக இவை வருகின்றன. மூன்றாவது வகையே இந்த அத்தியாயத்தின் பொருள்.

உங்களுக்கு இது தேவைதானா?

முதலில் இந்தக் கேள்விக்கு நிதானமாக விடை காண வேண்டும். நம் பக்கத்துத் திருமண மண்டபங்களில் தரை முழுவதும் வழவழப்பான டைல்ஸ், சுவரில் பாதி உயரத்துக்கு அதே டைல்ஸ், மேலே வெறும் கான்கிரீட் என்று இருப்பதால், முழுக்குச்சியால் ஸ்னேரில் விழும் ஒவ்வோர் அடியும் நாலு பக்கமும் மோதித் திரும்பி, பாடுகிறவரின் சாகித்தியத்தை விழுங்கிவிடுகிறது. தேவாலயத்துப் பாடற்குழுவிலும், பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும், வீட்டுச் சாதகத்திலும் இதே சிரமம்தான். இத்தகைய இடங்களுக்கே கற்றைக்குச்சி உரியது.

மாறாக, விருத்தகிரீசுவரர் கோயிலின் மாசி மகத்தைப் போலத் தெருவெல்லாம் ஜனங்கள் நிறைந்து நிற்கும் வைபவத்தில், திறந்த வெளியில், கற்றைக்குச்சியைக் கொண்டு வாசிப்பது வீண் முயற்சி. அதன் ஓசை பத்தடி தாண்டுமுன் கரைந்துவிடும். அதை ஈடுசெய்ய நீங்கள் ஓங்கி அடிக்க, குச்சி ஒரே மாலையில் சிதைந்துவிடும். வெளியிடத்துக்கு முழுக்குச்சி, உள்ளரங்குக்குக் கற்றைக்குச்சி என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குச்சியின் அமைப்பு

கற்றையின் நுனியை உங்கள் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 7 அல்லது 19 புள்ளிகள் தெரியும். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, ஆக 7. அதற்கும் வெளியே பன்னிரண்டு, ஆக 19. வட்டமான கோல்கள் இடைவெளியின்றி நெருங்கி அமர்வதற்கு இதுவே இயல்பான முறையாகையால், மின்சாரக் கம்பியிலும் இந்த எண்ணிக்கையில் இழைகளைச் சேர்க்கிறார்கள். 7 உள்ள கற்றையில் ஒவ்வொரு சிறுகுச்சியும் தடிமனாக இருக்குமாதலால் ஓசை கனமாகவும் குச்சி விறைப்பாகவும் இருக்கும். 19 உள்ளதில் நுனி சற்றே விரிந்து கொடுத்து ஓசை மெத்தென்று விழும். நடுவில் நுரைத்தண்டு வைத்துச் சுற்றிலும் கோல்களை அடுக்கிய வகையும் உண்டு. இந்திய லயத்தில் ஈடுபாடு கொண்ட அமெரிக்கக் கலைஞர் ஸ்டீவ் ஸ்மித்துக்காக விக் ஃபர்த் நிறுவனம் செய்த அத்தகைய கற்றைக்கு நம் தாளத்தின் பெயரையே சூட்டி 'தாலா வாண்ட்' என்று அழைக்கிறார்கள்.

மரமென்பது பெரும்பாலும் குளிர்நாட்டுப் பிர்ச் மரம் அல்லது மூங்கில். அடியின் தொடக்கத்தில் கேட்கும் 'டக்' என்ற தெளிவை அது தருகிறது. ஆனால் சிம்பு சிம்பாகப் பிளந்து உடைகிறது. பிளாஸ்டிக் வளைந்து கொடுத்து நெடுநாள் உழைக்கிறது. ஆனால் தனியே வாசித்தால் ஓசையில் உயிர் குறைகிறது. இரண்டையும் கலந்ததன் நோக்கம், ஒன்றின் குறையை மற்றதன் குணத்தால் நிரப்புவதே.

நம் பறைக் கலைஞர்கள் இந்த ரகசியத்தை வெகுகாலமாக அறிந்தவர்கள். ஒரு கையில் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய மூங்கில் சிம்பாகிய சுண்டுக்குச்சி, மற்றொரு கையில் ஏறக்குறைய 18 சென்டிமீட்டரில் குட்டையும் தடிமனுமான அடிக்குச்சி. ஒன்றின் சொடுக்கும் மற்றொன்றின் கனமும் சேர்ந்தே பறையின் பேச்சாகிறது. அந்த இரண்டு குரலை ஒரே குச்சிக்குள் அடக்க முயன்றதே கலப்புக் கற்றை என்று கொண்டால், எதைத் தேடி வாங்க வேண்டும் என்பது தெளிவாகும்.

தேர்ந்தெடுக்கும் வரிசை

நம் பக்கத்துக் கடைகளில் இவை எப்போதும் கிடைப்பதில்லை. சென்னை அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிகல் போன்ற பழைய வாத்தியக் கடைக்கு நேரில் போய் வாங்குவது உத்தமம். இணையத்தில் வரவழைத்தால், திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, பொட்டலம் பிரித்த அன்றே கீழ்க்கண்ட பரீட்சைகளைச் செய்ய வேண்டும்.

1. இடத்தை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் எங்கெங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து, அவற்றுள் அதிகம் வரும் இடத்துக்கு மட்டும் முதல் ஜோடியை வாங்குங்கள்.

2. நீளமும் பருமனும் அளந்து பாருங்கள். கைக்குப் பழகிய 5ஏ அளவு முழுக்குச்சி சுமார் 16 அங்குல நீளமும் 14 மில்லிமீட்டர் பருமனும் இருக்கும். கற்றையும் அதையொட்டி இருந்தால் கை தடுமாறாது.

3. கலப்பின் ஒழுங்கை நோக்குங்கள். பிளாஸ்டிக் உள்ளேயும் மரம் வெளியேயும் இருந்தால் ஓசை மரத்தை ஒத்திருக்கும், தேய்வு விரைவில் வரும். மரம் உள்ளேயும் பிளாஸ்டிக் வெளியேயும் இருந்தால் ஓசை மழுங்கலாக இருக்கும், ஆனால் சிம்பு தெறிக்காது. இரு குச்சியிலும் ஒழுங்கு ஒன்றேதானா என்று எண்ணிச் சரிபாருங்கள்.

4. உருட்டிப் பாருங்கள். கடையின் கண்ணாடி மேஜையில் கைப்பிடிப் பகுதியை வைத்து உருட்டினால் நேராக ஓட வேண்டும். நுனி மேலும் கீழுமாக ஆடினால் உள்ளே ஏதோ ஒரு கோல் வளைந்திருக்கிறது.

5. எடை பாருங்கள். சமையலறை எண்ணியல் தராசே போதும். ஜோடிக்குள் இரண்டு கிராமுக்கு மேல் வேறுபட்டால் வேறு ஜோடி கேளுங்கள். ஒரு கை சீக்கிரம் களைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

6. முறுக்கிப் பாருங்கள். ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் நடுப்பகுதியையும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல மென்மையாக முறுக்குங்கள். 'கிறீச்' என்ற முனகல் கேட்டால் உள்ளே பசை விட்டிருக்கிறது. கைப்பிடி உறை புதிதாகப் பளபளத்தாலும் அதை வாங்க வேண்டாம்.

7. தட்டிக் கேளுங்கள். பயிற்சி அட்டையின்மேல், அது இல்லாவிட்டால் ஒரு தடித்த புத்தகத்தின்மேல், ஒரே உயரத்திலிருந்து ஒரே பலத்துடன் முதலில் வலக்குச்சி, பிறகு இடக்குச்சி என்று மாற்றி மாற்றிக் கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள். எது வலம், எது இடம் என்று காதுக்குப் பேதம் தெரியாத ஜோடியே நல்ல ஜோடி. அடிக்குப் பின்னால் சலசலவென்ற சிறுசப்தம் தொடர்ந்தால் ஏதோ ஒரு கோல் தளர்ந்திருக்கிறது.

8. கற்றையைச் சுற்றிப் போட்டிருக்கும் வளையத்தை நகர்த்துங்கள். நுனியை நோக்கித் தள்ளினால் கற்றை இறுகி ஓசை உரக்கும்; கைப்பிடியை நோக்கி இழுத்தால் விரிந்து மெலியும். வளையம் விரலுக்குச் சற்றே எதிர்ப்புக் காட்டி நகர வேண்டும். தானே வழுக்கினால் வாசிப்பின் நடுவே ஓசை மாறிப்போகும்; நகரவே மறுத்தால் அதன் பிரயோஜனமே இல்லை.

9. ஐந்து நிமிஷம் வாசியுங்கள். உங்கள் கை வழக்கமாக வாசிக்கும் நடை ஒன்றை நிறுத்தாமல் வாசித்து, மணிக்கட்டு கனக்கிறதா, உள்ளங்கையில் உறை வழுக்குகிறதா என்று கவனியுங்கள். நம் ஊர் வியர்வைக்குச் சொரசொரப்பான பிடியே சௌகரியம்.

எந்த இடத்துக்கு எது?

- டைல்ஸ் பதித்த மண்டபம்: 19 கோல்கள், பிளாஸ்டிக் வெளிப்புறம், வளையம் நடுவில்.
- தேவாலயம், பஜனை மண்டபம்: 19 கோல்கள், மரம் வெளிப்புறம், வளையம் கைப்பிடிப் பக்கம்.
- ஒலிபெருக்கி வைத்த மெல்லிசை மேடை: 7 தடித்த கோல்கள், வளையம் நுனிப் பக்கம்.
- வீட்டுச் சாதகம்: எந்தக் கலப்பும் பொருந்தும், ஆனால் முழுக்குச்சிச் சாதகத்தை விட்டுவிடக் கூடாது. கற்றை குறைவாகவே துள்ளுமாதலால், அதை மட்டுமே பழகிய கை முழுக்குச்சியின் துள்ளலை மறந்துவிடும்.
- பறை, தவில்: வேண்டாம். பறைக்குக் கற்றை அளவிலேயே நீளம். தோலைத் தீயில் காய்ச்சும் இடத்தில் பிளாஸ்டிக்கைக் கொண்டுபோவதும் ஆபத்து. தவிலுக்குப் பூவரசங்கழியின் கனத்தை வேறெதுவும் தருவதில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனைக் கற்றை

விலை கொடுத்து வாங்குமுன், கலப்பின் குணத்தைக் கையால் அறிய விரும்புகிறவர்கள் ஒரு ஜோடி கட்டிப் பார்க்கலாம். இது நெடுநாள் உழைக்காது. காதுக்குப் பாடம் கற்பிப்பதே இதன் பயன்.

1. கூடை முடைபவரிடம் 3 மில்லிமீட்டர் பருமனில் 16 அங்குல மூங்கில் சிம்புகள் 24 சீவி வாங்கி, உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.
2. புல்வெட்டும் இயந்திரத்துக்கு விற்கும் 3 மில்லிமீட்டர் நைலான் இழையில் அதே நீளத்துக்கு 14 துண்டுகள் வெட்டி, ஒரு நேரான இரும்புக் கம்பியோடு இழுத்துக் கட்டிச் சூடான நீரில் சற்று நேரம் வைத்து, கட்டு அவிழ்க்காமலே ஆறவிட்டால் சுருள் நிமிரும்.
3. ஒரு குச்சிக்கு 7 நைலான் நடுவிலும் 12 மூங்கில் சுற்றிலுமாக அடுக்குங்கள். ஐந்து கோல் அகலம் வருமாதலால் பருமன் 15 மில்லிமீட்டராக அமையும்.
4. கைப்பிடிப் பக்கம் 6 அங்குலத்துக்குப் பருத்தி நூலால் இறுகச் சுற்றி, அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.
5. பழைய சைக்கிள் டியூபில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டிய வளையத்தை இரண்டு சுற்றாகப் போட்டால், நகர்த்தும் வளையம் தயார்.

இரண்டாவது ஜோடியில் நைலானை வெளியேயும் மூங்கிலை உள்ளேயும் வைத்துக் கட்டி, இரண்டையும் ஒரே ஸ்னேரில் மாற்றி வாசித்துப் பாருங்கள். ஏடுகள் பல படித்தாலும் விளங்காத பேதம் அரை மணியில் விளங்கிவிடும்.

பொதுவான பிழைகள்

- நிறத்தைப் பார்த்து வாங்குவது. நான் முதன்முதலில் வாங்கிய ஜோடி சிவப்பு உறையின் அழகுக்காகவே வாங்கப்பட்டது. தட்டிப் பார்க்கவில்லை, முறுக்கிப் பார்க்கவில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் மூன்றாவது பாட்டின் நடுவே உறை நீளவாக்கில் பிளந்து, வெளிக்கோல்கள் கோரைப் புல்லைப்போல விரிந்தன. பிளந்த சிம்பு ஒன்று தெறித்து, பக்கத்தில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த பையனின் புருவத்தைக் கீறியது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். அன்று முதல் ஒரு ஜோடியையும் பரீட்சிக்காமல் நான் மேடையேற்றியதில்லை.
- விளிம்படி அடிப்பது. தோலையும் இரும்பு வளையத்தையும் ஒருங்கே தாக்கும் அடி முழுக்குச்சிக்கு உரியது. கற்றையை அது விரைவில் முறிக்கும்.
- கிராஷ் சிம்பலின் ஓரத்தில் ஓங்கி அறைவது. ஓரம் கத்தியாகி மரக்கோல்களை அறுத்துவிடும். முகப்பில் சாய்வாகத் தடவி அடிக்கப் பழகுங்கள்.
- ஓசை போதவில்லை என்று பலத்தைக் கூட்டுவது. வளையத்தை முன்னே நகர்த்துங்கள். அப்போதும் போதாவிட்டால் குச்சியை மாற்றுங்கள்.
- மின் ட்ரம்ஸின் வலைத்தோலில் மரக்கலப்பைப் பயன்படுத்துவது. பிளந்த ஒரு சிம்பு போதும், வலை கிழிந்துவிடும்.

பாதுகாப்பு

கண்ணுக்கு அடுத்தபடி காதைக் காக்க வேண்டும். 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்றும் அமெரிக்கத் தொழிற் சுகாதார ஆராய்ச்சி நிறுவனமான நையாஷ் வரையறுத்திருக்கிறது. அக்கணக்கின்படி 100 டெசிபலுக்கு 15 நிமிஷமே அளவு. மூடிய அறையில் முழுக்குச்சியோடு வாசிக்கும் ட்ரம்ஸ் இந்த எல்லையை எளிதில் தாண்டுமாதலால், கற்றைக்குச்சி பிடித்திருந்தாலும் காதடைப்பான் அணிவது அவசியம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவுக் காலமாகையால், அந்நேரத்தில் வீட்டு மாடியிலோ வாசலிலோ சாதகம் வேண்டாம். மென்மையான குச்சிதானே என்ற சமாதானம் அயலாரின் தூக்கத்துக்கு ஈடாகாது.

உடைந்த கோலைப் பிடுங்கி எறிந்துவிட்டு மீதியோடு தொடரலாம் என்று எண்ணாதீர்கள். ஒன்று போனால் உள்ளே இடம் உண்டாகி மற்றவை ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். மேடையில் மாற்று ஜோடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கட்டும்.

பேணுதல்

கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழோ, பூட்டிய காருக்குள்ளோ குச்சிப் பையை விட்டால் பசை இளகும். கைப்பிடி உறை தளரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும்; பிளாஸ்டிக் அந்த அளவுக்கு உப்பாது; இந்தப் பேதத்தால் கட்டு நெகிழ்கிறது. ஆகையால் வாசித்து முடித்ததும் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, வளையத்தை நடுவில் நிறுத்தி, காற்றோட்டமுள்ள துணிப்பையில் படுக்கைவாட்டில் வையுங்கள். கைப்பிடியில் வாங்கிய தேதியை எழுதி வைத்தால், எந்தக் கலப்பு எத்தனை கச்சேரி தாங்கியது என்று தெரிந்து அடுத்த முறை வாங்குவதற்கு வழிகாட்டும்.

கச்சேரிக்கு முன் ஒரு நிமிஷம்

1. நுனியில் கோல்களை எண்ணுங்கள்.
2. உறையில் விரலை ஓட்டிக் கீறல் தேடுங்கள்.
3. ஒரு முறுக்கு, ஒரு தட்டு. இரண்டையும் காதால் கேளுங்கள்.
4. பாடுகிறவரைப் பல்லவி ஒன்றைப் பாடச் சொல்லி, நீங்கள் கூடவே வாசித்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒருவரை நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் கேட்கிறதா என்று விசாரியுங்கள். 'கேட்கிறது' என்று அவர் கையசைக்கும் வரையில் வளையத்தை நகர்த்திக்கொண்டே இருங்கள்.